வெயிலில் விளைந்த நீலம்
தேர்தல் வியூகம் முதல் ஊர் வளர்ச்சித் திட்டம் வரை எதையும் இன்று ‘ப்ளூபிரிண்ட்’ என்கிறோம். அந்தச் சொல்லுக்குள் நிஜமாகவே ஒரு நீலத் தாள் இருக்கிறது. 1842-இல் இங்கிலாந்தின் வானியலாளர் ஜான் ஹெர்ஷல் கண்டறிந்த முறை அது. இரும்பு உப்புக் கரைசல் பூசி உலர்த்திய தாளின் மேல், ஒளி ஊடுருவும் தாளில் மையால் வரைந்த படத்தை வைத்து வெயிலில் காட்டுவார்கள். பிறகு தண்ணீரில் அலசினால் வெயில் பட்ட இடமெல்லாம் அடர்நீலம். கோடுகள் மறைத்த இடம் மட்டும் வெள்ளை. எத்தனை அழகான வேலை! அதற்கு முன்பு, படத்தின் ஒவ்வொரு பிரதியையும் ஒருவர் உட்கார்ந்து கையால் வரைய வேண்டியிருந்தது. மேஸ்திரி, கொல்லர், தச்சர் என எல்லார் கையிலும் ஒரே படம் போய்ச் சேர வழிசெய்தது இந்த நீலத் தாள்தான். 20-ஆம் நூற்றாண்டில் அதன் இடத்தைப் பிடித்த நகல்களில் நிறம் தலைகீழானது: வெள்ளைத் தாளில் நீலக் கோடுகள்.