குழாய்க்குள் இருக்கிற சேதி யாருடையது?



நம்முடைய சபைகளில் நர்ஸ் வேலை செய்கிறவர்களும், லேப் டெக்னீஷியன்களும், இரத்த வங்கியில் இருக்கிறவர்களும் ஏராளம். நைட் டூட்டி முடித்துவிட்டு, தூக்கத்தையும் விட்டுவிட்டு உபவாச ஜெபத்துக்கு ஓடி வருகிற சகோதரிகளை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஆனால் அவர்களுடைய வேலையில் இருக்கிற ஒரு பெரிய கேள்வியைப் பிரசங்க பீடத்தில் நாம் தொடுவதே இல்லை. பொய் சொல்லாதே, லஞ்சம் வாங்காதே என்பதோடு நிறுத்திவிடுகிறோம். நான் கேட்பது வேறு. ஒருவருடைய கையில் ஊசி குத்தி இரத்தம் எடுத்தாயிற்று. அந்தக் குழாய்க்குள் ஒரு சேதி இருக்கிறது. அந்தச் சேதி யாருக்குச் சொந்தம்?

இது சும்மா உட்கார்ந்து யோசித்து எழுதுகிற கேள்வி இல்லை. லேபில் வேலை செய்கிற ஒரு சகோதரி என்னிடம் வந்தார்கள். இன்னொரு விசுவாசியின் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள். அந்தப் பையன் போன மாதம் காய்ச்சல் என்று இதே லேபில் இரத்தம் கொடுத்திருக்கிறான். பெண்ணின் தாயார் இந்தச் சகோதரியின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ ஒரு தடவை கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லும்மா. எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைன்னு ஒண்ணும் இல்லையேன்னு தெரிஞ்சா போதும். எம்பொண்ணு வாழ்க்கை" என்று அழுதிருக்கிறார்கள். "சொன்னா பாவமா, சொல்லாட்டி பாவமா பாஸ்டர்?" இதுதான் சகோதரியின் கேள்வி.

"நீங்க அதைத் திறந்து பாக்கவே கூடாதும்மா" என்றேன். சொல்லலாமா கூடாதா என்பதெல்லாம் அப்புறம். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் அந்தத் தாயாருடைய பயத்தையும் நான் அற்பமாக எண்ணவில்லை.

இரத்தம் எடுக்கிற வேலையைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். நாம் கையை நீட்டுகிறோம். ரப்பரால் கட்டுகிறார்கள், ஸ்பிரிட் வைத்துத் துடைக்கிறார்கள், குத்துகிறார்கள். அதற்குப் பிறகு நடக்கிறது ஒன்றும் நமக்குத் தெரியாது. ஊசி புதுசா, குழாயில் ஒட்டின பேர் நம்முடைய பேர்தானா, யாருக்குத் தெரியும்? உலக சுகாதார நிறுவனம் இரத்தம் எடுப்பதற்கென்றே 2010-ல் ஒரு வழிகாட்டிப் புத்தகம் வெளியிட்டிருக்கிறது. நோயாளியே தன் முழுப்பெயரைச் சொல்லும்படி கேட்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. "நீங்கதானே மேரியம்மா?" என்று கேட்டால், காது மந்தமான பாட்டியம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டும். "உங்க பேர் என்னம்மா?" என்று கேட்டால்தான் உண்மை வரும். நம்ம ஊர் வார்டில் மேரிக்கும் செல்விக்கும் பஞ்சமா! இரத்தம் எடுத்த கையோடு, அந்தக் கட்டில் பக்கத்திலேயே நின்று பேர் ஒட்ட வேண்டும். பத்துக் குழாயை டவுசர் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போய் மேஜையில் உட்கார்ந்து ஒட்டினால், ஒருவருடைய இரத்தக் குரூப் இன்னொருவருடைய சீட்டில் ஏறும். குரூப் மாறி இரத்தம் ஏற்றினால் ஆளே போய்விடலாம்.

இன்னொரு சோதனையும் அவர்களுக்கு உண்டு. எடுத்த இரத்தத்தில் சிவப்பு அணுக்கள் உடைந்து போயிருந்தால் பொட்டாசியம் அளவு இல்லாத உயரத்தைக் காட்டும். "மன்னிச்சுக்கோங்க, மறுபடி எடுக்கணும்" என்று போய் நின்றால் திட்டு விழும். "என் கையென்ன ஊசி குத்திப் பழகுற இடமா?" என்பார்கள். பேசாமல் ரிசல்ட்டை அனுப்பிவிட்டால் யாருக்கும் தெரியாது. அந்தத் திட்டை வாங்கிக்கொண்டு திரும்பவும் போய் நிற்கிற பிள்ளைகளை நான் ரொம்ப மதிக்கிறேன். மைக் பிடித்துச் சாட்சி சொல்லுகிறதைவிட இது கஷ்டம்.

சோதித்துப் பார்க்க வழியில்லாமல், நம்பி மட்டுமே ஒருவன் கை நீட்டுகிறான். காய்ச்சலுக்கு என்ன காரணம் என்று பார்க்கத்தான் அவன் கை நீட்டினான். பெண் வீட்டாருக்குத் தகவல் கொடுக்க அல்ல. அவன் எதற்காகக் கொடுத்தானோ அதைத் தாண்டி ஒரு அடி போனாலும் அது அவன் கையிலிருந்து எடுத்தது ஆகாது, பறித்தது ஆகும்.

இனி நம்முடைய மாநிலத்தில் நடந்த இரண்டு காரியங்களைச் சொல்லுகிறேன்.

முதலாவது 1995-ல். நாகாலாந்து மாநிலத்து டாக்டர் ஒருவர், ஒரு நோயாளிக்குத் துணையாக சென்னைக்கு வந்தார். அறுவை சிகிச்சைக்கு இரத்தம் தேவைப்பட்டது. அவர் கொடுக்க முன்வந்தார். பரிசோதித்ததில் அவருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. அந்தச் சேதி அவருடைய சம்மதம் இல்லாமல் மற்றவர்களுக்குப் போனது. நிச்சயித்திருந்த கல்யாணம் நின்றது, ஊரில் இருக்க முடியாமல் வெளியேறினார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. மணப்பெண்ணின் உயிரும் ஆரோக்கியமும் பெரியது, இரகசியத்துக்கு எல்லை உண்டு என்று 1998-ல் தீர்ப்பு வந்தது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குத் திருமண உரிமையே இல்லை என்கிற மாதிரி அதில் சொல்லியிருந்ததை 2002-ல் அதே நீதிமன்றம் விலக்கிக்கொண்டது. அந்தப் பெண் தப்பியது நல்லதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதைச் சொல்ல வேண்டிய வாய் எது, சொல்லுகிற முறை எது என்பதில்தான் என் மனம் சமாதானப்படவில்லை.

இரண்டாவது விருதுநகர் மாவட்டத்தில். ஒரு வாலிபன் 2016-ல் இரத்த தானம் செய்தான். அவனுக்கு எச்.ஐ.வி. இருப்பது இரத்த வங்கியில் தெரிந்தது. அவனுக்கு மட்டும் அந்தத் தகவல் போய்ச் சேரவில்லை. 2018 நவம்பர் கடைசியில், கர்ப்பிணியாக இருந்த உறவுக்காரப் பெண்ணுக்காக சிவகாசி அரசு மருத்துவமனையில் மறுபடியும் இரத்தம் கொடுத்தான். அந்த இரத்தம் சாத்தூர் அரசு மருத்துவமனையில் வேறொரு கர்ப்பிணிக்கு ஏற்றப்பட்டு, அவருக்கும் நோய் தொற்றியது. வெளிநாட்டு வேலைக்காக எடுத்த டெஸ்டில்தான் வாலிபனுக்குத் தன் நிலைமை தெரிந்தது. தெரிந்தவுடனே அவன் என்ன செய்தான் தெரியுமா? "என் இரத்தத்தை யாருக்கும் ஏத்திடாதீங்க" என்று தானாக முன்வந்து தெரியப்படுத்தினான். காலம் கடந்துவிட்டது. மனம் உடைந்து தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, 2018 டிசம்பர் 30-ம் தேதி மதுரையில் இறந்துபோனான். அந்தத் தாய்க்கு 2019 ஜனவரியில் பிறந்த பெண் குழந்தைக்கு நோய் இல்லை என்று பிறகு தெரியவந்தது.

ஒன்றில், சொல்லக்கூடாதவர்களுக்குச் சொல்லப்பட்டது. இன்னொன்றில், சொல்லியே ஆக வேண்டியவனுக்குச் சொல்லப்படவில்லை. இரண்டும் வேறு வேறு தப்பு மாதிரி தெரியும். எனக்கு ஒரே தப்பாகத்தான் படுகிறது. அந்தச் சேதிக்கு முதல் சொந்தக்காரன் யாரோ அவனை இரண்டு இடத்திலும் ஒதுக்கிவிட்டார்கள். இரத்தம் எடுக்கிறவர் எஜமான் அல்ல, உக்கிராணக்காரர். எஜமானுடைய பொருளை அடுத்தவருக்குக் கொடுத்தாலும் கணக்குத் தப்பும், எஜமானுக்கே கொடுக்காமல் பூட்டி வைத்தாலும் கணக்குத் தப்பும்.

"அப்போ கட்டிக்கப்போற பொண்ணு கதி?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2017-ல் போட்டு 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம் இதை யோசித்திருக்கிறது. சம்பந்தப்பட்டவருக்கு ஆலோசனை சொல்லி, தன் துணைக்குத் தானே சொல்லும்படி முதலில் கேட்க வேண்டும். அவர் சொல்லமாட்டார், துணைக்கு ஆபத்து என்று உறுதியானால், சொல்லப்போகிறோம் என்று அவருக்குத் தெரிவித்துவிட்டு, டாக்டரோ ஆலோசகரோ நேரில் சொல்லலாம். குழாயில் பேர் ஒட்டுகிற சகோதரிக்கு அந்தச் சட்டம் இந்த வேலையைக் கொடுக்கவில்லை. கொடுக்காதது நல்லது. வீட்டு முற்றத்தில் காதோடு காதாகச் சொல்லுகிற சேதி சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் போகும். அதில் பாதி பொய்யாகவும் இருக்கும். மேலும், அந்தப் பையன் காய்ச்சலுக்குத்தான் இரத்தம் கொடுத்தான். எச்.ஐ.வி. டெஸ்டே எடுத்திருக்க மாட்டார்கள். "ஒண்ணும் இல்லையாம்" என்று அந்தத் தாயார் நம்பிவிட்டால், அதுதான் அந்தப் பெண்ணுக்குப் பெரிய ஆபத்து.

சபையாருக்கும் ஒரு வார்த்தை. கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்தப் பிள்ளைகளைச் சோதனைக்குள் தள்ளுகிறது பெரும்பாலும் நாம்தான். "பிரதருக்கு ஸ்கேன்ல என்ன வந்துச்சு, ஜெபிக்கத்தான் கேக்குறேன்" என்போம். ஜெபக்குறிப்பு என்று பேர் வைத்துவிட்டால் புறங்கூறுதல் பரிசுத்தமாகிவிடுமா? "பேர் சொல்ல மாட்டேன், மூணாவது வரிசையில உட்காருவாரே" என்று வாட்ஸ்அப் குழுவில் போடுகிறோம். பேர் சொன்னால்கூடக் கொஞ்சம் நேர்மையாக இருந்திருக்கும்! ஆண்டவருக்கு டெஸ்ட் ரிப்போர்ட் அனுப்பினால்தான் ஜெபம் கேட்பாரா? ஊழியக்காரர்களாகிய நாங்கள் கேட்டாலும், "அதை அவர்கிட்டயே கேளுங்க பாஸ்டர்" என்று லேபில் வேலை செய்கிறவர்கள் சொல்லட்டும். அப்படிச் சொல்லுகிற பிள்ளையை அகங்காரி என்று எந்தப் போதகராவது முணுமுணுத்தால், அவரை என்னிடம் அனுப்புங்கள்.

அந்தத் தாயாரிடம் நானே போய்ப் பேசினேன். அரசு ஆஸ்பத்திரிகளில் நம்பிக்கை மையம் இருக்கிறது. எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம். எடுப்பதற்கு முன்னும் பின்னும் ஆலோசனை உண்டு. மாப்பிள்ளை வீட்டாரிடம் வெளிப்படையாகவே பேசி, பிள்ளைகள் இரண்டு பேரும் சேர்ந்தே போகலாம் என்றேன். "பையன் வீட்டுல தப்பா நினைப்பாங்களே" என்றார்கள். "உங்க பொண்ணும் கை நீட்டப்போறாள்ல, அப்புறம் என்ன தப்பு?" என்றேன். இரண்டு வாரம் கழித்துப் பையனும் பெண்ணும் ஒன்றாகப் போனார்கள். அவரவர் ரிப்போர்ட்டை அவரவர் கையில் வாங்கினார்கள். அதில் என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை.