சொந்த ஊரும் அமைச்சர் கையெழுத்தும்

ஒருவர் அமைச்சரானார் என்று செய்தி வந்தால் மறுநாள் காலையிலேயே அவருடைய ஊர்க்காரர்கள் வாசலில் நிற்பார்கள். கையில் சால்வை இருக்கும், மாலை இருக்கும், மடித்து வைத்த மனு ஒன்றும் இருக்கும். இத்தனை வருஷமாகக் கேட்டும் நடக்காதது, நம்ம ஆள் மேலே போய்விட்டதால் இனி நடக்கும் என்பது அந்த மனுவின் சாரம். அவர் பதவியைவிட்டு இறங்கிய பின்னும், ஏன், காலமான பின்னும்கூட அவரைப் பற்றி ஊர் கேட்பது ஒன்றுதான்: "ஊருக்கு என்ன செஞ்சாரு?"

கேட்பவர்கள் ஏமாளிகளும் அல்லர், பேராசைக்காரர்களும் அல்லர். ஆனாலும் இந்தக் கேள்விக்குள் ஓர் அறச் சிக்கல் இருக்கிறது. ஊர் அனுப்பிவைத்த ஒருவர் எல்லோருக்குமான அதிகாரத்தைக் கையில் வாங்கிய பிறகு, அந்த ஊருக்குக் கூடுதலாக ஏதாவது கடன்பட்டிருக்கிறாரா?

காரைக்காலில் இந்தக் கேள்வி மற்ற இடங்களைவிடக் கூர்மையாக எழும். மூன்று பக்கமும் தமிழ்நாடு, கிழக்கே கடல். ஆட்சி நடப்பதோ 130 கிலோமீட்டருக்கு அப்பால், புதுச்சேரிக் கடற்கரைச் சாலைத் தலைமைச் செயலகத்தில். ஒரு கோப்பு எங்கே நிற்கிறது என்று பார்த்துவர வேண்டுமென்றால் விடியற்காலைப் பேருந்தைப் பிடித்து, தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று இன்னொரு மாநிலத்தைக் கடந்து போக வேண்டும். சம்பந்தப்பட்ட அதிகாரி அன்று விடுப்பு என்றால் அதே வழியில் திரும்ப வேண்டும்.

எண்ணிக்கையில் பார்த்தால் காரைக்காலுக்கு அநீதி எதுவும் தெரியாது. 2011 கணக்கெடுப்பின்படி புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தின் மக்கள்தொகை 12,47,953. அதில் காரைக்கால் மாவட்டத்தவர் 2,00,222 பேர், ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. சட்டப்பேரவைக்குத் தேர்ந்தெடுக்கப்படும் 30 பேரில் காரைக்காலுக்கு 5 பேர், அதுவும் ஆறில் ஒரு பங்கு. பங்கு குறையவில்லை. ஆனால் ஐந்து பேர் ஒரே குரலில் பேசினாலும் அவையில் அவர்கள் என்றும் சிறுபான்மைதான். இதே ஒன்றியப் பிரதேசத்தைச் சேர்ந்த, கடலோரமாகவும் ஆற்றோரமாகவும் இன்னும் சிதறிக் கிடக்கும் மாகேவுக்கும் ஏனாமுக்கும் தலா ஒரே உறுப்பினர். மக்களவைக்கோ நான்கு பகுதிக்கும் சேர்த்து ஒரே ஓர் இடம். தலை எண்ணிப் பங்கு கொடுத்துவிட்டால் நியாயம் முடிந்துவிடும் என்ற நினைப்பு இங்கே உடைந்துபோகிறது. நம்ம ஆள் ஒருவர் மேலே இருந்தால் தேவலை என்ற ஏக்கம் பிறப்பதும் இங்கேதான்.

அப்படி மேலே போனவர் ஃபாரூக் மரைக்காயர். 1937-இல் காரைக்காலில் பிறந்தவர். மாணவராக இருந்தபோதே பிரெஞ்சு ஆட்சிக்கு எதிரான விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டார். 1964-இல் பேரவைத் தலைவர், 1967-இல் 29 வயதில் முதலமைச்சர். இந்தியாவில் அந்த வயதில் அந்தப் பதவிக்கு வந்தவர் வேறு யாரும் இல்லை. காங்கிரஸ், தி.மு.க., மறுபடி காங்கிரஸ் என்று மூன்று முறை முதல்வராக இருந்தார். 1991, 1996, 1999 தேர்தல்களில் மக்களவைக்குத் தேர்வானார். 1991-இல் நரசிம்ம ராவ் அமைச்சரவையில் விமானப் போக்குவரத்து, சுற்றுலாத் துறையின் இணை அமைச்சரானார். 2004-இல் சவூதி அரேபியாவுக்கான இந்தியத் தூதர், 2010-இல் ஜார்கண்ட் ஆளுநர், 2011-இல் கேரள ஆளுநர். 2012 ஜனவரி 26 அன்று, ஆளுநர் பதவியில் இருக்கும்போதே காலமானார்.

இந்த வாழ்க்கையை வரிசையாகப் பார்த்தால் ஒன்று புலப்படும். படி ஏற ஏற, ஊரின் உரிமை அவர்மேல் குறைந்துகொண்டே வருகிறது. மக்களவை உறுப்பினராகத் தொகுதிக்காகப் பேசுவதே அவர் வேலை, பேசாவிட்டால்தான் தவறு. அமைச்சரானால் நாடு முழுவதும் அவர் தொகுதி. தூதராகிவிட்டால் சொந்தக் கட்சிகூடப் பின்னுக்குப் போக வேண்டும். ஆளுநர் பதவியில் தமக்கு வாக்களிக்காத, தம் மொழி பேசாத மக்களுக்காகவே அமர்ந்திருக்கிறார்.

இந்த மாற்றத்தை அரசியல் சட்டமே எழுதி வைத்திருக்கிறது. மூன்றாம் அட்டவணையில் உறுதிமொழிகள் இருக்கின்றன. நாடாளுமன்ற உறுப்பினர் சட்டத்துக்கு விசுவாசமாக இருப்பதாகவும் கடமையை ஒழுங்காகச் செய்வதாகவும் உறுதி சொல்கிறார். அமைச்சரின் உறுதிமொழியில் அதற்கு மேல் ஒன்று சேர்கிறது: அச்சம், சலுகை, பற்று, பகை எதுவும் இல்லாமல் எல்லா மக்களுக்கும் நியாயம் செய்வேன் என்கிறார். உறுப்பினரிடம் கேட்காத நடுநிலையைச் சட்டம் அமைச்சரிடம் கேட்கிறது. அதே சமயம் அமைச்சர் உறுப்பினராகவும் இருந்தாக வேண்டும். ஆறு மாதத்துக்குமேல் அவையில் இடமில்லாமல் பதவியில் நீடிக்க முடியாது. காரைக்கால் பகுதியைச் சேர்ந்த ப. சண்முகம் 1980, 1984, 1989 என்று மூன்று முறை மக்களவைக்குப் போனவர். 2001 மே மாதம் பேரவை உறுப்பினராக இல்லாமலே முதல்வர் பொறுப்பை ஏற்றார்; கெடு முடியும் முன் அக்டோபரில் விலக வேண்டி வந்தது. ஆக, ஊரை மறக்காதே என்றும், ஊருக்குச் சலுகை காட்டாதே என்றும் ஒரே ஆளிடம் நம் சட்டம் சொல்கிறது.

அமெரிக்கா இந்தச் சிக்கலை வேறு விதமாக அவிழ்க்கப் பார்த்தது. அங்கே காங்கிரஸ் எனப்படும் நாடாளுமன்றத்தின் உறுப்பினர் அமைச்சராக வேண்டுமென்றால் உறுப்பினர் பதவியை விட்டே ஆக வேண்டும். அரிசோனா மாநிலத்தின் ஸ்டூவர்ட் யூடால் 1961-இல் அப்படித்தான் பிரதிநிதிகள் சபையைவிட்டு விலகி உள்துறைச் செயலாளரானார். அந்த நாட்டில் உள்துறை என்றால் காவல்துறை இல்லை. நிலம், நீர், காடு, பூர்வகுடிகள் ஆகியவை அதன் பொறுப்பு. அரிசோனாவின் நெடுநாள் கனவு, கொலராடோ ஆற்று நீரைக் கால்வாய் வெட்டிப் பாலைக்குக் கொண்டுவருவது. திட்டத்துக்குப் பணமும் மின்சாரமும் தேட, கிராண்ட் கேன்யன் பகுதியில் அணைகள் கட்டும் யோசனையை யூடாலே முதலில் ஆதரித்தார். நாடெங்கும் எதிர்ப்பு எழுந்ததும் 1967-இல் அணைகளைக் கைவிட்டார். 1968-இல் திட்டத்துக்குச் சட்ட அனுமதி கிடைத்தது. அணைக்குப் பதிலாக நவஹோ பூர்வகுடிகளின் நிலத்தில் நிலக்கரி மின்நிலையம் எழுந்தது. தண்ணீர் நகரங்களுக்குப் போயிற்று, புகை அவர்களுக்கு மிஞ்சியது.

யூடால் கெட்டவர் இல்லை. பிற்காலத்தில் யுரேனியச் சுரங்கத்தில் நோயுற்ற நவஹோ தொழிலாளர்களுக்காக வழக்கறிஞராக நின்றவர். பதவி விலகல் கடிதம் எழுதினால் தொகுதி போய்விடும், ஊர்ப்பாசம் போய்விடாது என்பதற்கு அவர் சாட்சி. சட்டம் ஒரு நாற்காலியைக் காலி செய்ய வைக்கலாம், மனத்தைக் காலி செய்ய வைக்க முடியாது. அதனால் இந்தக் கேள்விக்கு அறத்தில்தான் விடை தேட வேண்டும்.

சொந்த ஊருக்குச் செய்வதை ஆதரிப்பவர்கள் சொல்லும் காரணங்கள் மூன்று. மூன்றுக்கும் எடை ஒன்றல்ல.

முதலாவது நன்றி. வாக்குப் போட்டவர்களுக்குக் கைம்மாறு வேண்டாமா? வேண்டும்தான். ஆனால் கடன்பட்டவர் அமைச்சர், கஜானா அவருடையதல்ல. அவருடைய நேரம், உழைப்பு, கூப்பிட்ட குரலுக்கு வந்து நிற்பது, இவையெல்லாம் அவர் கைக்காசு; அதிலிருந்து எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம். பொதுப்பணத்தை எடுத்து நன்றிக்கடன் அடைத்தால், தமக்கு வாக்களிக்க முடியாத தூரத்தில் இருக்கும் யாரோ ஒருவரின் பணத்தால் அடைக்கிறார்.

இரண்டாவது புறக்கணிப்பு. இதுவரை எதுவும் கிடைக்காத ஊர், இப்போது கிடைத்தால் என்ன தவறு? இந்த வாதம் வலுவானது. ஆனால் அந்த ஊருக்கு உரிமை இருக்கிறதென்றால், நம்ம ஆள் வருவதற்கு முன்பும் இருந்தது, அவர் போன பிறகும் இருக்கும். மாகேக்காரர் அமைச்சராக இருந்தாலும் அதைச் செய்தே ஆக வேண்டும். நம்ம ஆள் செய்தார் என்று வாங்கிக்கொண்டால் உரிமையை நாமே தயவாக மாற்றிக்கொள்கிறோம். தயவு, ஆள் மாறினால் போய்விடும். 1982 முதல் 1984 வரை ரயில்வே அமைச்சராக இருந்த கனி கான் சவுத்ரியின் பெயரை மேற்கு வங்கத்தின் மால்டா இன்றும் நன்றியோடு சொல்கிறது. அப்படி ஓர் அமைச்சர் வாய்க்காத மாவட்டங்கள் யாரைப் போய்க் கேட்பது?

காரைக்காலின் காவிரி நீர் இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு. 2007-இல் காவிரி நடுவர் மன்றம் புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி. ஒதுக்கியது. 2018-இல் உச்ச நீதிமன்றம் கர்நாடகம், தமிழ்நாடு ஆகியவற்றின் பங்குகளை மாற்றி எழுதியபோதும் அந்த ஏழில் கை வைக்கவில்லை. தமிழ்நாட்டின் 404.25 டி.எம்.சி.க்குப் பக்கத்தில் அது சிறிய எண். மேட்டூரில் திறந்து, கல்லணை தாண்டி, அரசலாறும் நூலாறும் வாஞ்சியாறும் கடைமடைக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் பயிர் வாடிய வருஷங்கள் உண்டு. ஆனால் அது எழுதப்பட்ட பங்கு. டெல்லியில் யார் அமைச்சர், எந்த ஊர்க்காரர் என்று பார்த்து ஏறி இறங்காது. கடைமடை விவசாயி கால்கடுக்கக் காத்திருக்காமல் சட்டத்தைக் காட்டிக் கேட்கலாம். ஓர் ஊருக்கு அதன் மகன் செய்யக்கூடிய பெரிய உதவி, தம் காலத்தோடு முடிந்துவிடாத இப்படியொரு உரிமையை எழுதி வாங்கித் தருவதுதான்.

மூன்றாவது காரணம் அறிவு. எந்த மதகு துருப்பிடித்து நிற்கிறது, எந்த மாதத்தில் ஆற்று முகத்துவாரம் வழியாக உப்புநீர் ஏறும், பிரசவ வலி கண்டவளை எத்தனை தூரம் கொண்டுபோக வேண்டியிருக்கிறது என்பது கோப்பில் வராது. அங்கே பிறந்தவருக்குத் தெரியும். மூன்று காரணங்களில் முழுக்க நேர்மையானது இதுதான். பிறந்த ஊர் ஒருவருக்குத் தருவது கண். சொந்த ஊரில் பார்த்ததை வைத்துப் பார்க்காத ஊரையும் புரிந்துகொள்ளும்போது அந்தக் கண் பொதுச்சொத்தாகிறது.

நார்மன் மினெட்டா இதைச் செய்து காட்டினார். கலிபோர்னியாவின் சான் ஹோசே நகர மேயர், பிறகு இருபது ஆண்டு காங்கிரஸ் உறுப்பினர், பிறகு இரண்டு வெவ்வேறு கட்சி அதிபர்களிடம் அமைச்சர். ஜப்பானிய வம்சாவளி என்ற ஒரே காரணத்துக்காக, இரண்டாம் உலகப் போரின்போது சிறுவனாகக் குடும்பத்தோடு முகாமில் அடைக்கப்பட்டவர். 2001 செப்டம்பர் 11 அன்று போக்குவரத்துத் துறைச் செயலாளராக இருந்தார். அமெரிக்க வானில் இருந்த பயணிகள் விமானங்களையெல்லாம் தரையிறக்க உத்தரவிட்டது அவர் துறை. அடுத்த நாட்களில் அரபு, முஸ்லிம் பயணிகளை மட்டும் தனியாகப் பிரித்துச் சோதிக்க வேண்டும் என்ற குரல் உரத்து எழுந்தபோது, இனம் பார்த்தோ மதம் பார்த்தோ பயணியைப் பிரிக்கக் கூடாது என்று உறுதியாக நின்றார். தம் மக்கள் பட்ட துயரத்தை வைத்து அவர் தம் மக்களுக்குச் சலுகை தேடவில்லை. முன்பின் தெரியாத இன்னொரு சமூகத்தைக் காக்கும் நெறியாக அதை மாற்றினார்.

வள்ளுவர் சுற்றந்தழாலை 53ஆம் அதிகாரமாக வைத்து, இரண்டு அதிகாரம் தள்ளிச் செங்கோன்மையை வைத்திருக்கிறார். உறவைத் தழுவுவதும் முகம் பாராமல் நீதி செய்வதும் ஆள்பவனுக்குச் சேர்ந்தே விதிக்கப்பட்டவை. இரண்டையும் ஒருவர் எப்படிக் காப்பாற்றுவது? எளிய சோதனை ஒன்று உண்டு. காரைக்காலுக்கு ஒன்றைச் செய்யும் அமைச்சர், அதற்கான காரணத்தை ஏனாமிலும் மாகேயிலும் பொதுமேடையில் நின்று சொல்ல முடிய வேண்டும். அங்கிருப்பவர்களுக்கு வருத்தம் இருக்கலாம். ஆனால் காரணம் நியாயம்தான் என்று அவர்களும் ஒப்புக்கொள்ளும்படி இருக்க வேண்டும்.

மத்தியப் பல்கலைக்கழகமும் ஜிப்மர் மருத்துவ நிறுவனமும் ஏற்கெனவே புதுச்சேரியில் இருக்கும்போது, 2010-இல் தொடங்கிய தேசியத் தொழில்நுட்பக் கழகம் காரைக்காலில் அமைந்ததற்கு இந்தச் சோதனையில் பதில் உண்டு. இவ்வளவு சிறிய பகுதிக்கு 1991-இல் விமான நிலையம் கேட்டிருந்தால் பதில் இருந்திருக்காது. ஊர்க்காரர் ஒருவர் அந்தத் துறையில் இணை அமைச்சராக இருந்தும் காரைக்காலுக்கு விமான நிலையம் வரவில்லை என்பதை அவருடைய குறையாகச் சொல்ல முடியாது. நம்ம ஊர்ப் பையன் என்று வேலைக்குப் பரிந்துரைக் கடிதம் கொடுப்பது இந்தச் சோதனையில் முதல் அடியிலேயே விழும். மதிப்பெண் எடுத்தும் வேலை கிடைக்காமல் திரும்பும் பெண்ணிடம் போய்ச் சொல்ல அதற்கு எந்தக் காரணமும் இல்லை.

இதற்கு மறுபக்கத் தவறும் இருக்கிறது. தம் ஊருக்கே செய்துகொண்டார் என்ற பழி வந்துவிடுமோ என்று அஞ்சி, நியாயமான கோப்பையும் அடியில் தள்ளிவைக்கும் அமைச்சர்கள் உண்டு. அது நேர்மைபோலத் தோன்றும். உண்மையில் தம் நற்பெயரைக் காப்பாற்ற ஊர்க்காரர்களின் உரிமையை விலையாகக் கொடுக்கிறார்கள். அமைச்சரின் ஊரில் பிறந்தது ஒருவருக்குத் தகுதியும் ஆகாது, குற்றமும் ஆகாது. சரியான வழி, தமக்குத் தெரிந்ததைக் கோப்பில் எழுத்தாக வைத்து, மற்ற பகுதிகளுக்கு எந்த அளவுகோலோ அதே அளவுகோலால் அதிகாரிகளை அளக்கச் சொல்லி, முடிவின் காரணத்தை ஊரறிய வெளியிடுவது.

அமைச்சரை மட்டும் திருத்தி இந்தப் பிரச்சினை தீராது. வாசலில் மனுவோடு நிற்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. "ஊருக்கு என்ன செஞ்சாரு" என்று மட்டும் கேட்கும் ஊர், நேர்மையான அமைச்சரைத் தோற்கடித்து, அள்ளிக் கொடுப்பவரைத் தேர்ந்தெடுக்கும். அதே கேள்வியால் வேறோர் ஊர்க்காரர் அமைச்சராகும்போது அந்த ஊரே ஏமாந்தும் போகும். முடிவெடுக்கும் அமைச்சர் நாற்காலி எப்போதும் காரைக்காலுக்கே கிடைக்காது; கிடைக்காத காலமெல்லாம் வேறு ஊர்க்காரர்களே அதில் இருப்பார்கள். எந்த ஊர்க்காரர் அமர்ந்தாலும் நியாயம் கிடைக்கும் என்ற நிலையால் மற்ற ஊர்களைவிட அதிகம் பயன்பெறுவது, என்றும் சிறுபான்மையாக இருக்கும் இப்படிப்பட்ட ஊர்தான். அதனால் காரைக்கால் தன் பிள்ளைகளிடம் கேட்க வேண்டியது, எங்களுக்கு என்ன கொண்டுவந்தாய் என்பதைவிடக் கடினமான ஒன்று: நீ இறங்கிய பிறகும் எங்களுக்கு நிலைத்து நிற்கும்படி எதைச் சட்டமாக்கினாய், அதே சட்டம் ஏனாமுக்கும் மாகேவுக்கும் உண்டா?