தரைதட்டிய படகு

படகு தரைதட்டினால் முதலில் எஞ்சினை நிறுத்த வேண்டும். இது தெரிந்தவருக்கும் அந்த நேரத்தில் கை எஞ்சினை முறுக்கத்தான் போகிறது. முறுக்க முறுக்க விசிறி சேற்றைத் தோண்டும். தோண்டிய குழியிலேயே படகு உட்காரும்.

*

முத்துப்பேட்டை லகூனில் இது புதிதல்ல. பாமணியாறும் கோரையாறும் காவிரி வண்டலைக் கொண்டுவந்து சேர்க்கிற இடம். கடல்போல் விரிந்து கிடக்கிறது. பல இடங்களில் இடுப்பளவுத் தண்ணீர்கூட இல்லை. பாக் நீரிணைப் பக்கம் ஏற்றவற்றம் பெரிதில்லைதான். ஆனால் இவ்வளவு மேடான இடத்தில் ஒரு சாண் வற்றினாலே போதும். அடுத்த ஏற்றத்துக்குச் சுமார் ஆறு மணி நேரம் காத்திருக்க வேண்டும், அதுவும் நிழலே இல்லாத வெயிலில்.

*

அலையாத்திக் காட்டைப் பார்த்துவிட்டு ஜாம்புவானோடைக்குத் திரும்பும் வழியில், தூரத்தில் தரைதட்டி நின்ற ஒரு படகிலிருந்து ஒரு பெண் துப்பட்டாவை வீசிக்கொண்டிருந்தார். எங்கள் படகோட்டி உடனே அந்தப் படகை நோக்கி விரையவில்லை. வேகத்தைக் குறைத்து, நல்ல தூரத்திலேயே நிறுத்தினார். எனக்கு அது கல்நெஞ்சாகப் பட்டது.

"கிட்டப் போனா நாமளும் உக்காந்துருவோம் சார்."

கழியை எடுத்து ஆழம் பார்த்தார். பிறகு இறங்கி நடந்தார். காலைத் தூக்கி வைக்கவில்லை, சேற்றோடு இழுத்தே நடந்தார். திருக்கை சேற்றில் புதைந்து கிடக்கும். மிதித்தால் வால்முள்ளால் குத்தும், காலை உரசிக்கொண்டு போனால் விலகிவிடும்.

*

அந்தப் படகில் ஒரு குடும்பம். லைஃப் ஜாக்கெட்டுகள் இருந்தன. அவற்றை மெத்தையாகப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஓட்டிய பையன் இன்னும் எஞ்சினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

"தம்பி, அமத்திட்டு எஞ்சினைத் தூக்கு மொதல்ல."

பிள்ளைகளைத் தோளில் சுமந்துவந்து எங்கள் படகில் விட்டார். பெரியவர்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்து வந்தார்கள். கனம் குறைந்ததும் படகு லேசாக அசைந்தது. முன்னால் தள்ளவில்லை, வந்த வழியே பின்னால் தள்ளினார்கள். முன்னால் என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது, பின்னால் தண்ணீர் இருந்ததற்கு அந்தப் படகே சாட்சி. கடைசியில் நைலான் கயிறு கட்டி நாங்கள் இழுத்தோம். இழுக்கும்போது கயிற்றுக்கு நேரே யாரையும் நிற்க விடவில்லை. அறுந்தால் சாட்டைபோல் அடிக்குமாம்.

நான் செய்தது, குடிநீர் பாட்டில்களைக் கொடுத்துவிட்டுப் பிள்ளைகளை ஆடாமல் உட்காரவைத்தது மட்டும்.

*

"ஏன் இந்தப் பக்கம் வந்தீங்க?" என்று எங்கள் படகோட்டி கேட்கவே இல்லை. எனக்கு நாக்கு நுனிவரை வந்த கேள்வி அது. உதவிசெய்துகொண்டே கேட்கிற அந்தக் கேள்விதான் உதவிக்கு நாம் வாங்கும் வட்டி. அந்தப் பையன் அவர் முகத்தை நேராகப் பார்த்துப் பேச முடிந்ததே அவர் கேட்காததால்தான்.

*

குடும்பத் தலைவர் ரூபாய் நோட்டுகளை நீட்டினார். படகோட்டி வாங்கவில்லை. பையனிடம் மட்டும், "எண்ணெய் கொஞ்சம் ஊத்திவிடு, இழுத்ததுல தீந்துபோச்சு" என்றார். அதைத் தயங்காமல் வாங்கிக்கொண்டார். 1989-ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கடல்மீட்பு உடன்படிக்கை ஏறத்தாழ இதையேதான் சொல்கிறது: கப்பலையோ சரக்கையோ மீட்டால் கூலி கேட்கலாம், உயிர்பிழைத்தவரிடம் உயிருக்குக் கூலி கேட்கக் கூடாது. சட்டம் எழுதியவர்களுக்கு இது எங்கிருந்து வந்திருக்கும் என்று அன்று கொஞ்சம் புரிந்தது.

*

லகூனுக்குப் போகிறவர்கள், வற்றம் எப்போது என்று படகோட்டியிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள். தேவைக்கு மேல் இரண்டு பாட்டில் தண்ணீர் இருக்கட்டும். லைஃப் ஜாக்கெட்டை உடம்பில் போட்டு, பட்டையையும் மாட்டிக்கொள்ளுங்கள்.