தாமதமான செவிகள்

செத்துப்போன கலைஞன்மீது, அதிலும் உயிரோடிருந்தபோது யாரும் பெரிதாகப் பொருட்படுத்தாத கலைஞன்மீது, நமக்கு ஏற்படும் பிரியம் கொஞ்சம் சந்தேகத்துக்குரியது. அதில் ரஸனை இருக்கிறது. ரஸனை மட்டும் இல்லை. நாலு பேருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்துவிட்டது என்கிற கர்வம் இருக்கிறது. அவன் காலத்து ஜனங்கள் மந்தை, நான் மந்தையில்லை என்கிற தீர்ப்பு இருக்கிறது. எல்லாவற்றுக்கும் அடியில், அவன் இனி நம்மிடம் எதையும் கேட்கப்போவதில்லை என்கிற சௌகரியம் இருக்கிறது. முந்நூறு பிரதிக்குமேல் போகாத பத்திரிகைகளில் எழுதுகிறவர்களுக்கு இந்த வியாதி நன்றாகவே பரிச்சயம். புறக்கணிப்பையே ஒரு தகுதிப் பத்திரமாக நீட்டுகிற வழக்கம் நம்மிடையே உண்டு.

லியம் வெல்டன் என்ற ஐரிஷ் பாடகரைத் தாமதமாகக் கேட்டதில் எனக்கு இந்த விஷயம் ஒரு பிரச்னையாகிவிட்டது. வெறும் பிரியத்தோடு நிற்க அவர் பாட்டு விடவில்லை.

வெல்டன் 1933இல் டப்ளினில் பிறந்தவர், 1995இல் இறந்தார். தம் பெயரில் அவர் கொண்டுவந்த இசைத்தட்டு ஒன்றே ஒன்று. 1976இல் முல்லிகன் கம்பெனி வெளியிட்ட 'டார்க் ஹார்ஸ் ஆன் த விண்ட்'. காற்றில் வரும் கறுப்புக் குதிரை என்று சொல்லிக்கொள்ளலாம். பழைய பாட்டுகளைப் பாடியதோடு தாமே எழுதியும் பாடினார். எழுபதுகளின் ஆரம்பத்தில் '1691' என்று ஒரு குழு கொஞ்ச காலம் இயங்கியது. அதில் வெல்டனோடு இருந்த டாமி பீப்பிள்ஸ், மாட் மலாய் முதலானோர் பிறகு போத்தி பாண்ட் குழுவுக்குப் போய் உலகமெங்கும் பெயர் பெற்றார்கள். வெல்டன் டப்ளின் மதுக்கடைகளில், மனைவி நெல்லியும் தாமுமாக நடத்திய பாட்டு மன்றங்களில் பாடிக்கொண்டிருந்தார். அங்கே வந்து கேட்டவர்களுக்கு அவர் புறக்கணிக்கப்பட்டவர் அல்லர் என்பதையும் சொல்லவேண்டும். அது தூரத்தில் நின்று பார்க்கிறவனுடைய சொல். அவன் தனக்குச் சாதகமாகக் கண்டுபிடித்துக்கொண்டது.

குரல் இனிமையானதல்ல. அடித்தொண்டையில் ஒரு கரகரப்பு. பக்கவாத்தியத்தின் தயவை அதிகம் நாடுவதில்லை. சில சமயம் பௌரான் என்கிற, ஆட்டுத்தோல் போர்த்திய கைப்பறை. தம்பூரா சுருதிக்குப் பழகிய காதுக்கு முதலில் ஒரு பிடிமானமின்மை தோன்றும். கொஞ்ச நேரத்தில், பிடித்துக்கொள்ள எதையும் தராமலிருப்பதுதான் இந்தப் பாட்டின் முறை என்று தெரிகிறது. கேட்கிறவனுக்கும் சொல்லுக்கும் நடுவே சாய்ந்துகொள்ள எதுவும் கிடையாது.

தலைப்புப் பாட்டு 1966ஐ ஒட்டி எழுதப்பட்டது. 1916 ஈஸ்டர் எழுச்சியின் பொன்விழா ஆண்டு அது. ஏப்ரல் 10, ஈஸ்டர் ஞாயிறன்று டப்ளின் தலைமைத் தபாலாபீஸின் முன் ராணுவ அணிவகுப்பு. அந்தக் கட்டடத்தைத்தான் ஐம்பது வருஷத்துக்கு முன் கலகக்காரர்கள் பிடித்துவைத்திருந்தார்கள். எழுச்சியில் தளபதியாயிருந்து மரண தண்டனையிலிருந்து தப்பிய டி வலேரா, இப்போது 83 வயதில், குடியரசுத் தலைவராக அணிவகுப்பு மரியாதையை ஏற்றுக்கொள்கிறார். மறுநாள் நினைவுத் தோட்டம் ஒன்றைத் திறந்துவைக்கிறார். தொலைக்காட்சியில் எழுச்சியே தொடர் நாடகமாக நடிக்கப்படுகிறது.

அதே நகரத்தில் மூன்று வருஷத்துக்கு முன், 1963 ஜூனில், போல்டன் தெருவிலும் ஃபீனியன் தெருவிலும் ஏழைகள் குடியிருந்த பழைய வீடுகள் இடிந்து விழுந்து நாலு பேர் செத்தார்கள். அவர்களில் இருவர் சிறுமிகள். பல நூறு குடும்பங்களை வீடுகளிலிருந்து வெளியேற்ற வேண்டிவந்தது. இதற்குப் பரிகாரமாக நகரத்தின் வடக்கு விளிம்பில் பாலிமன் என்ற இடத்தில் பதினைந்து மாடிக் கோபுரங்கள் ஏழு எழுந்தன. 1916 பிரகடனத்தில் கையெழுத்திட்டு, அதற்காகச் சுட்டுக்கொல்லப்பட்டவர்களும் ஏழு பேர். கோபுரத்துக்கு ஒருவராகப் பெயர் வைத்தார்கள். தொழிலாளர் தலைவனான ஜேம்ஸ் கானலி, காயத்தோடு நாற்காலியில் உட்காரவைத்துச் சுடப்பட்டவன், ஒரு கோபுரமானான். கடை கண்ணி வரத் தாமதமாயிற்று. லிப்ட் அடிக்கடி நின்றுபோயிற்று. 2004இல் தொடங்கி 2015க்குள் ஏழையும் இடித்துத் தீர்த்தார்கள். தியாகிகளின் பெயரைத் தாங்குவது சுலபம், அவர்கள் எதற்காகச் செத்தார்கள் என்பதைத் தாங்குவது கஷ்டம் என்பதற்கு இவ்வளவு பச்சையான உருவகத்தை ஒரு கவிஞன் எழுதியிருந்தால் மிகை என்று நானே அடித்திருப்பேன்.

வெல்டனின் பாட்டு இந்தக் கொண்டாட்டத்துக்கு எதிரானது. செத்தவர்களுக்கு எதிரானதல்ல, செத்தவர்கள் பேரில் பேசுகிறவர்களுக்கு எதிரானது. ரத்தத்தைப் பாடிப்பாடி வளர்க்கும் தேசம் தன் பிள்ளைகளையே தின்னும் என்கிற பயமும் அதில் இருக்கிறது. வட அயர்லாந்தில் 1969இல் துப்பாக்கிகள் வெளிவந்தன. ஆங்கிலப் பேச்சில் டார்க் ஹார்ஸ் என்றால் யாரும் பணம் கட்டாத, எதிர்பாராமல் முந்திவிடுகிற பந்தயக் குதிரை. பாட்டில் குதிரையைக் கூப்பிடுகிறார். அது வந்ததாகச் சொல்லவில்லை.

எனக்குச் சங்கடம் இங்கேதான். காலம் கடந்த கௌரவத்தைப் பழித்து ஒரு மனிதன் பாடுகிறான். அவன் செத்துப் பல வருஷம் கழித்து நான் அவனைக் காலம் கடந்து கௌரவிக்கப் புறப்படுகிறேன். 1966இன் மேடைக்காரர்களுக்கும் எனக்கும் என்ன வித்யாசம்? அவர்களுக்கு அணிவகுப்பு, எனக்குக் கட்டுரை. இருவருக்குமே மறுத்துப் பேச முடியாத ஒருவன் தேவைப்பட்டிருக்கிறான்.

நம் நண்பர்களில் ஒரு சாரார் சொல்லக்கூடியது எனக்குத் தெரியும். பாட்டு பாட்டுதான். கடன், கௌரவம் என்று பேசுவது கலையைத் தர்மஸ்தாபனத்தின் வாசலில் கொண்டுபோய் நிறுத்துவது. தாமதமாகக் கேட்டாலும் முன்னமே கேட்டாலும் ஸ்வரங்கள் மாறிவிடவில்லை. இந்தக் கட்சியில் நானும் பெரும்பாலும் இருப்பவன்தான். கருத்துக்காகப் பாட்டை மெச்சுகிறவர்களோடு எனக்குப் பேச்சே கிடையாது. ஆனால் இந்தப் பாட்டின் உருவத்தையே கவனிக்க வேண்டும். அது ஒரு முன்னிலையை நோக்கிக் கட்டப்பட்டது. குரலின் கரகரப்பு, வாத்தியத்தின் இன்மை, வரி முடிவில் வரும் வெட்டு எல்லாமே எதிரே ஒருவன் இருக்கிறான் என்பதை வைத்துக்கொண்டு அமைந்தவை. அந்த 'நீ' டப்ளின் மந்திரிகள்தான், 1966தான், நான் இல்லை என்று ஒதுங்கிக்கொள்கிறவன் பாட்டின் ஒரு பகுதியைக் கேட்கவே இல்லை. ஒழுக்கத்தை விடுங்கள். அது ரஸனைக் குறைவு.

அயர்லாந்தின் மேற்கே ஐரிஷ் மொழியில் பக்கவாத்தியமின்றித் தனித்துப் பாடும் பழைய மரபு ஒன்று உண்டு. பாடிக்கொண்டிருக்கும்போதே கேட்பவர் ஒருவர் பாடகரின் கையைப் பிடித்து, பாட்டின் போக்குக்கு மெல்லச் சுழற்றிக்கொண்டிருப்பார். பாடகர் பல சமயம் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. பாட்டு அவர் வழியாகப் போகிறது. அவரைக் காட்டுவதற்காகப் போகவில்லை. வெல்டன் ஆங்கிலத்தில் பாடிய நகரத்துக்காரர். ஆனாலும் இந்த மனோபாவம் அவரிடம் இருக்கிறது. பாட்டு யாரைப் பற்றியதோ அவர்கள் பக்கம் நம்மைத் திருப்பிவிட்டு அவர் நகர்ந்துகொள்கிறார். பாடகரையே பிடித்துக்கொண்டு, ஐயோ இவரை உலகம் கவனிக்கவில்லையே என்று நாம் புலம்பினால், அவர் காட்டிய திசையை விட்டுவிட்டு விரலைப் பார்த்து அழுகிறோம்.

அவர் காட்டியது யாரை? 'நீலத் தார் ரோடு' என்ற பாட்டு சாலையோரத்தில் தங்கியிருந்த ட்ராவலர்களைப் பிடுங்கி எறிந்ததைப் பற்றியது. ட்ராவலர்கள் அயர்லாந்தின் நாடோடிகள். தகரப் பாத்திரம் செய்தும் ஓட்டை அடைத்தும் குதிரை விற்றும் வண்டிகளில் ஊர் ஊராகப் போனவர்கள். பிளாஸ்டிக் வந்து தகர வேலையைத் தின்றுவிட்டது. 1963இல் அரசாங்கக் கமிஷன் ஒன்று அறிக்கை கொடுத்தது. இவர்களை ஓரிடத்தில் குடியமர்த்திப் பொதுச் சமூகத்தில் கரைத்துவிடுவதே வழி என்பது அதன் சாரம். கமிஷனில் ட்ராவலர் ஒருவர்கூட இல்லை. வெல்டன் சிறு பிராயத்தில் பாட்டின் மோகத்தைப் பிடித்துக்கொண்டது இவர்களிடமிருந்துதான். இவர்கள் தம்மைச் சொல்லிக்கொள்ளும் பெயர் பேவீ. வெல்டன் தம்பதியின் மன்றத்துக்கும் பேவீஸ் என்றே பெயர். அந்தப் பாட்டை இப்போது டேரி ஃபாரெல் போன்ற இளைய பாடகர்கள் பாடுகிறார்கள். நல்ல குரல். கச்சேரிகளில் நல்ல வரவேற்பு.

2015 அக்டோபரில் டப்ளினின் தெற்கே கேரிக்மைன்ஸில், ட்ராவலர்கள் தங்கியிருந்த தாற்காலிக இடத்தில் தீப்பிடித்துப் பத்துப் பேர் இறந்தார்கள். ஐந்து பேர் குழந்தைகள். நாடு முழுவதும் துக்கம். கொடிகள் அரைக்கம்பத்தில் பறந்தன. உயிர் தப்பியவர்களைப் பக்கத்திலேயே ஒரு காலி நிலத்தில் தங்கவைக்க முயன்றபோது அந்தத் தெருக்காரர்கள் வழியை மறித்தார்கள். வேறிடம் பார்க்கவேண்டி வந்தது. அந்தத் தெருவில் வெல்டனின் தட்டு வைத்திருந்தவர் யாராவது இருந்திருப்பார்களா என்ற கேள்வி எனக்கு விடாமல் வருகிறது. இருந்திருக்கலாம். இசை ஞானத்துக்கும் வழி மறிப்பதற்கும் பெரிய விரோதம் ஒன்றும் கிடையாது; இதற்கு நாம் அயர்லாந்துவரை போகவேண்டியதில்லை.

தாமதமாகக் கேட்பது குற்றமில்லை. பாட்டு என்றாலே எப்போதும் யாரோ பிந்தித்தான் கேட்கிறார்கள். ஆனால் பிந்தியவன் பாடகரிடம் எதையும் தீர்க்க முடியாது. அவர் கணக்கு 1995இல் மூடிப்போயிற்று. திறந்திருப்பது பாட்டின் கணக்கு. அதில் பெயர் உள்ளவர்கள் இன்னும் ரோட்டோரத்தில் இருக்கிறார்கள்.

2017 மார்ச் 1ஆம் தேதி ஐரிஷ் பிரதமர் எண்டா கென்னி பார்லிமெண்டில் எழுந்து, ட்ராவலர்கள் ஒரு தனி இனக்குழு என்பதை அரசு அங்கீகரிப்பதாக அறிவித்தார். ட்ராவலர்கள் பல வருஷமாகப் போராடிக் கேட்டது. கூடவே அரசு ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொண்டது: இந்த அங்கீகாரத்தால் புதிய உரிமை எதுவும் உண்டாகாது, செலவும் கிடையாது.