சாட்சி சொல்லும் கடமை

ஜும்ஆத் தொழுகை முடிந்து இமாம் கையேந்தும்போது, பாலஸ்தீன மக்களுக்காக ஆமீன் சொல்லாத பள்ளிவாசல் நம் நாட்டில் இல்லை எனலாம். பிரிக்பீல்ட்ஸ் தொட்டுக் கிள்ளான் வரையில் நமது கடைகளின் கல்லாவுக்குப் பக்கத்தில் அம்மக்களுக்கான உண்டியலைக் காண்கிறோம். இவை நல்ல காரியங்களே. வல்ல நாயன் ஏற்றுக்கொள்வானாக. ஆயினும் இன்று நாம் சிந்திக்க விரும்புவது வேறொரு விஷயம். அநியாயத்தைத் தடுக்கும் சக்தி இல்லாதவன் அதன் அருகில் போய் நின்று பார்ப்பதாலும், பார்த்ததைச் சொல்வதாலும் என்ன பயன்? அது கடமைதான் என்றால், யாரைக் குறித்துச் சொல்வது முதற்கடமை?

பாலஸ்தீனத்தின் மேற்குக் கரையில் வாழும் ஒருவர் வேலைக்கோ, வைத்தியத்துக்கோ, பைத்துல் முகத்தஸில் தொழுவதற்கோ ஜெரூசலம் போக வேண்டுமானால் இராணுவ நிர்வாகத்திடம் பெர்மிட் பெற வேண்டும். 1972ல் கொடுத்திருந்த பொது அனுமதியை 1991ல் ரத்துச் செய்தது முதல் ஆளுக்கொரு பெர்மிட் என்பதே பொது விதியாயிற்று. பெர்மிட் கிடைத்தவர்களும் கலந்தியா முதலிய சோதனைச் சாவடிகளில் சுபுஹுக்கு முன்பே போய், இரும்புக் கம்பிகளுக்கு நடுவே நெரிசலில் நின்றார்கள். 2023 அக்டோபருக்குப் பின்னர் அத்தொழிலாளரில் பெரும்பாலோருடைய பெர்மிட்டுகளே நிறுத்தப்பட்டுவிட்டன.

அந்தச் சாவடிகளுக்கு 2001ஆம் ஆண்டு முதல் வேறு சிலரும் விடியுமுன் போய் நின்றார்கள். அவர்கள் இஸ்ரேலியப் பெண்மணிகள். பேரன் பேத்தி எடுத்தவர்கள் பலர். தங்கள் சபைக்கு அவர்கள் இட்ட பெயர் 'மக்ஸோம் வாட்ச்'. மக்ஸோம் என்றால் ஹீப்ரு பாஷையில் சோதனைச் சாவடி. எத்தனை பேர் நின்றார்கள், எவ்வளவு நேரம் நின்றார்கள், யாரை எந்தக் காரணத்துக்காகத் திருப்பி அனுப்பினார்கள் என்பதைக் குறித்துக்கொண்டு உலகறிய வெளியிட்டார்கள். பெர்மிட் காரியாலயங்களிலும் இராணுவ நீதிமன்றங்களிலும் போய் உட்கார்ந்தார்கள். 2002 முதல் உலகத் திருச்சபைகள் மன்றமும் பல நாட்டுத் தொண்டர்களை இதே வேலைக்கு அனுப்பிவந்தது.

இதனால் சாவடிகள் குறைந்தனவா என்று கேட்டால், இல்லை என்றே பதில் சொல்ல வேண்டும். பார்ப்பதற்கு ஆள் நிற்பதால் அநீதிக்கே ஒரு நாகரிகத் தோற்றம் வந்துவிடுகிறது என்று குறை சொல்வோரும் உண்டு. அதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் மற்றொரு சம்பவத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1994ஆம் ஆண்டு ரமலான் மாதத்தில், ஹெப்ரான் நகரின் இப்ராஹீம் மசூதியில் சுபுஹுத் தொழுகையிலிருந்த 29 பேரை ஒரு யூதக் குடியேறி சுட்டுக் கொன்றான். அதன் பிறகு அந்நகரில் சர்வதேசப் பார்வையாளர் குழு ஒன்று ஏற்பட்டது. நார்வே, துருக்கி முதலிய நாட்டினர் அதில் சேவை செய்தனர். அவர்களுக்குக் கைதுசெய்யும் அதிகாரம் கிடையாது; எழுதிய அறிக்கையைப் பகிரங்கமாக வெளியிடவும் முடியாது. அப்படியிருந்தும் 2019ல் இஸ்ரேல் அவர்களுடைய தவணையை நீட்டிக்க மறுத்துவிட்டது. வாய்திறவாத சாட்சியைக்கூட அதிகாரம் பொறுக்கவில்லையென்றால், சாட்சி பயனற்றதென்று எப்படிச் சொல்வது?

தீமையைக் கையால் தடு, இயலாவிட்டால் நாவால் தடு, அதுவும் இயலாவிட்டால் மனத்தால் வெறு என்னும் கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் வகுத்த படித்தரத்தை நாம் மதரஸாவிலேயே படித்தோம். கையும் எட்டாது, மனத்தோடு நின்றுவிடவும் கூடாது என்ற நிலையில் இருப்பவனுக்கு நாவே கடமை. அநியாயம் செய்தவன் நாளை அப்படி நடக்கவேயில்லை என்று சாதிக்காமலும், ஊரார் எங்களுக்குத் தெரியாது என்று தப்பிக்காமலும் பார்த்துக்கொள்வது அந்த நாவின் வேலை.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அந்தப் பெண்மணிகள் சாட்சி சொன்னது தங்கள் சொந்தப் பட்டாளத்தைக் குறித்து. அண்டை வீட்டுப் பிள்ளைகள் துப்பாக்கி ஏந்தி நின்ற சாவடியைக் குறித்து. திருமறையின் அன்னிஸா அத்தியாயம் 135ஆவது வசனம் நம்மிடம் கேட்பதும் இதைத்தானன்றோ? தனக்கே பாதகமானாலும், பெற்றோருக்கும் உறவினருக்கும் பாதகமானாலும் நீதிக்குச் சாட்சியாக நில் என்பது அதன் கட்டளை. பாலஸ்தீனத்தைப் பற்றி நாம் கோலாலம்பூரில் பேசுவதால் நமக்கு ஒரு காசு நஷ்டமில்லை. எந்தச் சிநேகிதமும் முறியப் போவதில்லை. ஆகவே அதைக்கொண்டு நம்முடைய ஈமானை அளந்துவிட முடியாது.

நம் நாட்டிலேயே அளவுகோல் இருக்கிறது. 1995ல் தெனாகானித்தா அமைப்பின் ஐரின் பெர்னாண்டஸ் அம்மையார், முந்நூறுக்கும் மேற்பட்ட வெளிநாட்டுத் தொழிலாளரைக் கண்டு பேசி, குடிநுழைவுத் தடுப்பு முகாம்களில் அடியும் நோயும் பசியும் இருந்ததாக ஒரு மகஜர் வெளியிட்டார். 1996ல் அவரைக் கைதுசெய்து, பொய்ச் செய்தி வெளியிட்டதாக வழக்குப் போட்டார்கள். 2003ல் ஓராண்டுச் சிறைத்தண்டனை தீர்ப்பாயிற்று; மேல்முறையீட்டில் 2008ல்தான் உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. பன்னிரண்டு ஆண்டுகள்! அம்முகாம்களில் கிடந்தவர்களில் வங்காளதேசத்து முஸ்லிம்களும் இந்தோனேசிய முஸ்லிம்களும் பலர். அவர்களுக்காக அந்த வழக்கைச் சுமந்தவர் ஒரு கிறிஸ்துவப் பெண்மணி.

இன்னும் அருகில் வருவோம். 2020 மே 1ஆம் தேதி, தொழிலாளர் தினம், வெள்ளிக்கிழமை, ரமலான் பிறை எட்டு. கொரோனாவை முன்னிட்டு அடைத்து வைத்திருந்த சிலாங்கூர் மேன்ஷன், மலாயன் மேன்ஷன் கட்டிடங்களைச் சுற்றி, நமது மஸ்ஜித் இந்தியா வட்டாரத்திலேயே, நூற்றுக்கணக்கான வெளிநாட்டவரைக் குடிநுழைவு அதிகாரிகள் பிடித்துச் சென்றார்கள். அதைப் பற்றிய அல்-ஜஸீரா படத்தில் வாய்திறந்து பேசிய ரைஹான் கபீர் என்ற வங்காளதேச இளைஞரின் பெர்மிட் ரத்தாயிற்று. அவரைக் கைதுசெய்து ஆகஸ்டில் நாடு கடத்தினார்கள். அந்த வட்டாரத்தில் கடை வைத்திருந்தவர்களும் குடியிருந்தவர்களும் நம்மில் எத்தனையோ பேர். நாம் என்ன எழுதினோம்? யாரிடம் சொன்னோம்?

சர்க்காரைச் சொல்வதோடு முடித்துக்கொள்ளவும் வழியில்லை. கிள்ளான் பக்கத்துக் கடை ஒன்றில் இராமநாதபுரத்துத் தம்பி ஒருவர் வேலை பார்த்துவந்தார். அவருடைய தாயார் மௌத்தான செய்தி ஒருநாள் அஸர் நேரத்தில் வந்தது. பாஸ்போர்ட் முதலாளியின் இரும்புப் பெட்டியில், முதலாளி வெளியூரில், சாவி அவரிடம். மூன்றாம் நாள் பாஸ்போர்ட் கைக்கு வந்தபோது ஊரில் ஜனாஸாவை அடக்கி முடித்திருந்தார்கள். அந்தத் தம்பியோடு ஒரே ஸஃப்பில் நின்று தொழுதவர்கள் நாம். முதலாளியும் நமக்கு வேண்டியவர். ஆகையால் நாம் ஒன்றும் கேட்கவில்லை. அந்த வாரமும் பாலஸ்தீன உண்டியலில் நாம் போட்ட காசுக்குக் குறைவில்லை.

லெவி கட்டி, ஏஜெண்டுக்குப் பணம் கொடுத்து ஆளை வரவழைக்கிறோம்; அவன் ஓடிப்போனால் நஷ்டம் யாருக்கு என்று முதலாளிமார் கேட்கிறார்கள். நியாயமில்லாத கவலை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் பிறர் பாஸ்போர்ட்டைச் சட்டப்பூர்வமான அதிகாரமின்றி வைத்திருப்பது 1966ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். கேட்டவுடன் திருப்பிக் கொடுக்காதது அமானிதமுமாகாது. நமது கடையும் கலந்தியாச் சாவடியும் ஒன்றென்று கூற நாம் வரவில்லை. அங்குள்ள கொடுமை வேறு. ஒரு மனிதன் தன் தாயிடம் போவதற்கு இன்னொருவன் சம்மதத்துக்குக் காத்துக் கிடப்பது மட்டும் இரண்டிடத்திலும் ஒன்றே.

ஆகவே ஒரு யோசனை சொல்கிறோம். நமது சங்கத்தில் பத்துப் பேர் முன்வந்தால் போதும். பெர்மிட் விஷயமாக அலையும் தொழிலாளியோடு முறைவைத்து ஒருவர் கூடச் செல்லட்டும். வரிசையில் அவரோடு நிற்கட்டும். தேதி, நேரம், சொன்ன பதில் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். அதே நோட்டில் முதல் பக்கத்தை நமக்காக ஒதுக்குவோம். நமது அங்கத்தினர் கடைகளில் யார் யாருடைய பாஸ்போர்ட் யார் கையில் இருக்கிறது என்பதை அதில் எழுதுவோம். எழுதும்போது சிலருக்கு முகம் சுளிக்கும், சிநேகிதம் கசக்கும். அந்தக் கசப்பைத் தாங்கிக்கொண்டு எழுதுவதே சாட்சி.

மறுமையில் நமது கைகளும் கால்களுமே நமக்கெதிராகச் சாட்சி சொல்லும் என்று நம்புகிறவர்கள் நாம். அதற்கு முன்னால் நாவு முந்திக்கொள்ள வல்ல அல்லாஹ் நமக்குத் தௌபீக் செய்வானாக! ஆமீன்.