பழுதுபார்த்தலின் அறம்

பயன்படும் பொருளைத் தூக்கி எறிவது வீண். பயன்படாத பொருளைப் பயன்படும் என்று காட்டுவது பொய். இவ்விரண்டிற்கும் இடையே எங்கே கோடு கிழிப்பது? வினா பழையது, ஈண்டு அதை ஆராய எடுத்துக்கொண்ட பொருள் மட்டுமே புதியது. பழுதான கணினியை வீட்டிலேயே உயிர்ப்பிக்கப் பலர் கையாளும் விந்தையான முறைகளே அப்பொருள்.

சிக்கனம் தோட்டத் தமிழருக்குப் பிறர் வந்து கற்பித்த பாடம் அன்று. கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தை ஆகிய வட்டாரங்களின் ரப்பர்த் தோட்டங்களில், மங்கில் நிறைந்த பாலோடு மரப்பட்டையில் உறைந்த ஒட்டுப்பாலும் திரட்டப்பட்டது. 1917இல் இவ்வட்டாரத்துத் தென்னமாரம் தோட்டத்தில்தான் நாட்டின் முதல் வணிக எண்ணெய்ப்பனை நடவு நிகழ்ந்தது. காலப்போக்கில் ரப்பர் குறைந்து பனை பெருகியது. பயிர் மாறினாலும் எதையும் வீணாக்காத பழக்கம் மாறவில்லை.

2020 மார்ச் 18ஆம் நாள் நாடெங்கும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளி வீட்டிற்கு இடம்பெயர்ந்தது. கல்வி அமைச்சு அவ்வாண்டு நடத்திய ஆய்வில் ஏறத்தாழ 37 விழுக்காட்டு மாணவரிடம் எந்த மின்னியல் கருவியும் இல்லை என்று தெரியவந்தது. இந்நிலையில் பழைய கணினி ஒன்றை இயங்கவைப்பது பொழுதுபோக்கு ஆகாது. ஒரு குழந்தையின் கல்வியே அதைச் சார்ந்து நின்றது. ஆகவே இம்முறைகளை ஏளனம் செய்யாமல் ஆராய்தல் நம் கடமை.

முதலாவது, அழிப்பான் கொண்டு துடைத்தல். திரை இருண்டு, ஒலி மட்டும் எழுப்பும் கணினியின் நினைவகப் பலகையைக் கழற்றி, அதன் பொன்முலாம் பூசிய விளிம்பைப் பென்சில் அழிப்பானால் மெல்லத் தேய்த்துத் தூசு நீக்கிப் பொருத்தினால் பல வேளைகளில் அது மீண்டும் இயங்குகிறது. பென்சில் எழுத்தை ரப்பர் அழிக்கும் என்பதை 1770இல் ஜோசப் பிரீஸ்ட்லி பதிவு செய்தார். இன்றைய அழிப்பான்களில் பல செயற்கைப் பொருளால் ஆனவை எனினும், அவற்றின் மூதாதை மரத்தின் பாலே. தொடர்பைத் தடுத்த அழுக்குதான் பழுதின் காரணம். அழிப்பான் அந்தக் காரணத்தையே நீக்குகிறது. அழுத்தித் தேய்த்தால் மெல்லிய பொன்முலாம் போய்விடும். அளவு அறிந்து செய்தால் இது உண்மையான மருத்துவம்.

இரண்டாவது, சுற்றுப்பலகையை அடுமனை அடுப்பில் சுடுதல். பலகையைச் சுமார் 200 பாகை செல்சியஸ் வெப்பத்தில் பத்து நிமிடம் வைத்தால், விரிசல் கண்ட பற்றாசு உருகி ஒட்டிக்கொள்ளும் என்பது நம்பிக்கை. ஈயம் கலந்த பழைய பற்றாசு 183 பாகையில் உருகும். ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் ஈயத்தைக் கட்டுப்படுத்திய பின் பரவிய ஈயமற்ற பற்றாசோ 217 பாகையளவில்தான் உருகும். ஆகவே 200 பாகையில் பல பலகைகளில் பற்றாசு உருகுவதே இல்லை. சூட்டில் விரிந்த பகுதிகள் தற்காலிகமாகத் தொட்டுக்கொள்கின்றன. சில நாளிலோ சில வாரத்திலோ பழுது திரும்புகிறது. சோறு சமைக்கும் அடுப்பில் நச்சுப்புகை படிவது தனிக் கேடு.

மூன்றாவது, நின்றுபோன வன்தட்டை உறைபெட்டியில் குளிரவைத்தல். குளிரில் உலோகம் சுருங்கிச் சிக்கிய பகுதி விடுபடலாம் என்ற எண்ணத்தில் எழுந்த முறை இது. ஆனால் வெளியே எடுத்ததும் தட்டின்மேல் ஈரம் படிகிறது. படிக்கும் முனைக்கும் தட்டுக்கும் இடையே உள்ள மிக நுண்ணிய இடைவெளிக்கு ஒரு நீர்த்துளியே பெருந்தடை. மறைந்த பெற்றோரின் ஒரே படம் அதில் இருக்குமாயின், அதை மீட்கும் கடைசி வாய்ப்பையே நாம் பணயம் வைக்கிறோம்.

நோயையும், நோயின் காரணத்தையும், தணிக்கும் வழியையும் ஆராய்ந்து செய்க என்கிறது திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம். அழிப்பான் காரணத்தை நீக்குகிறது. அடுப்பு காரணத்தை மறைக்கிறது. உறைபெட்டி, காரணம் இன்னதென்று அறியாமலே சூதாடுகிறது. மூன்றையும் ‘கைவைத்தியம்’ என்ற ஒரே சொல்லால் அழைப்பது தவறன்றோ?

தேர்வு முடியும்வரை இயங்கினால் போதும் என்னும் ஏழை வீட்டிற்குத் தற்காலிகத் தீர்வும் உதவிதானே என்று சிலர் கேட்கலாம். ஆம், உதவிதான். தற்காலிகம் பாவம் அன்று. உண்மையை மறைப்பதே பாவம். “இது சுட்ட பலகை, எந்நாளும் நிற்கலாம், பாடங்களை வேறிடத்திலும் சேமித்து வை” என்று சொல்லிக் கொடுப்பவன் நண்பன். அதையே சொல்லாமல் விற்பவன் வஞ்சகன். சொல்லாமல் இலவசமாகக் கொடுப்பவனும் முற்றும் குற்றமற்றவன் அல்லன். ‘ஏழைக்கு இது போதும்’ என்ற எண்ணம் அவன் ஈகையில் ஒளிந்திருக்குமாயின், அது ஈகையையே கறைப்படுத்திவிடும்.

இதில் இன்னொரு பொறுப்பும் உண்டு. எக்ஸ்பாக்ஸ் 360 என்னும் விளையாட்டுக் கருவி அடிக்கடி செயலிழந்தபோது, பலர் அதைத் துண்டால் போர்த்திச் சூடேற்றி உயிர்ப்பிக்க முயன்றனர். 2007இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் அப்பழுதுக்கான உத்தரவாதத்தை மூன்றாண்டாக நீட்டி, அதற்கென நூறு கோடி டாலருக்கும் மேல் ஒதுக்கியது. துண்டு தீர்க்காத சிக்கலைச் செய்தவனின் பொறுப்பே தீர்த்தது. 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் பழுதுபார்க்கும் உரிமையைச் சட்டமாக்கியதும் இவ்வழியிலேதான். வாங்கியவனின் கைத்திறன், செய்தவனின் கடமையை மூடும் போர்வை ஆகிவிடலாகாது.

பால்மரம் வெட்டுவோர் இதை நன்கு அறிவர். பட்டைக்கு அடியில் புதுப்பட்டையை வளர்க்கும் மெல்லிய உயிர்ப்படலம் உண்டு. கத்தி அதை நெருங்க வேண்டும், தொடலாகாது. ஆழ வெட்டுகிறவன் இன்றைய பாலுக்காக நாளைய மரத்தைக் காயப்படுத்துகிறான். கணினியைத் திறக்கும் மாணவனும் அக்கத்தியைப் பிடித்தவனே. முயலலாம், ஆனால் காரணம் அறிந்து முயலவேண்டும். பிறர்க்குக் கொடுக்கும்போது பழுதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுக்கவேண்டும். இயந்திரம் மீண்டும் நின்றுபோனாலும், மனிதன் மனிதன்மேல் வைத்த நம்பிக்கை அப்போதுதான் பழுதின்றி நிற்கும்.