பக்குவமும் கையும்

சமையல் பக்குவத்தை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது நட்பின் அடையாளம் என்பார்கள். சாதியுள்ள ஊரில் இதை அப்படியே ஏற்க முடியவில்லை. சொல்லுக்குத் தீட்டில்லை, கைக்குத்தான் தீட்டு.

கல்லங்குறிச்சியில் கடலைக்கொல்லையில் களைவெட்டும்போது ஊர்த்தெருப் பொம்பளைங்க எங்கம்மாவிடம் கருவாட்டுக் குழம்புக்குப் பக்குவம் கேட்பார்கள். மொச்சையும் கத்திரிக்காயும் போட்டு, புளியைத் திட்டமாக் கரைச்சு ஊத்தி, நல்லாக் கொதிச்சப்புறம்தான் கருவாட்டைப் போடணும், முன்னாடியே போட்டா கரைஞ்சிடும்னு அம்மா சொல்லும். மறுநாள் ‘நல்லா வந்துச்சு புள்ள’ என்று சேதி வரும். குழம்பு வராது. அம்மா வைத்த குழம்பை அவர்கள் நாக்கில் தொட்டுப் பார்த்ததும் கிடையாது. ருசியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, சொன்னவளைத் தள்ளி நிறுத்துவதற்குப் பரிமாற்றம் என்றா பேர்?

எங்களுக்கும் இப்படித்தான் வந்து சேர்ந்தது. மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ 1951இல் அச்சானது. பிராமண வீட்டு அடுப்படிக்குள் கால் வைக்காமலே அதன் சாம்பாரை எங்கள் தெருவில் வைக்கலாம். புத்தகத்துக்குக் காசு கொடுத்தால் போதும், யாரும் யாரையும் உட்காரவைத்துச் சோறு போட வேண்டியதில்லை.

அதனால் இப்போது பக்குவம் கேட்கிறவர்களிடம், வீட்டுக்கு வாங்க, சாப்பிட்டுப் பாத்துட்டு எழுதிக்கங்க என்கிறேன். வறட்டுப் பிடிவாதம் என்று தோழர்களே சொல்கிறார்கள். இருக்கட்டும்.

2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் சத்துணவு சமைக்கக் கூடாதென்று சாதி இந்துக்கள் மறித்தார்கள். அரிசி அரசாங்கத்தது, பருப்பு அரசாங்கத்தது, என்ன சமைப்பது என்பதும் அரசாங்கம் சொன்னதுதான். கை மட்டும் எங்களுடையது. அவரை இடமாற்றிவிட்டார்கள். போராட்டத்துக்குப் பிறகுதான் அந்த உத்தரவு ரத்தானது.